சுடும் கத்தி, சுடக் கூடாத இடம்

எழுதும் பேனாவை விடச் சற்றுத் தடிமன், பிளாஸ்டிக் உடல். விரலுக்கு எட்டும் இடத்தில் இரண்டு பொத்தான்கள்: மஞ்சளை அழுத்தினால் வெட்டும், நீலத்தை அழுத்தினால் ரத்தத்தை நிறுத்தும். நுனியில் இருக்கும் எஃகுத் தகடு, மின்சாரம் இல்லாதபோது வெண்ணெய் தடவத்தான் லாயக்கு, அவ்வளவு மொண்ணை. நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் இதைக் காட்டரி என்பார்கள். அமெரிக்காவில் இது போவி. பிரிட்டிஷ் வழியில் பழகிய சர்ஜன்களுக்கு டயதெர்மி. தைராய்டு முதல் மூளைக் கட்டி வரை இது நுழையாத இடம் இல்லை. ஆனாலும் இதன் குணத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் மார்பகச் சீரமைப்பு நடக்கும் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். அங்கே காலையில் இது புற்று வந்த மார்பகத்தை அகற்றுகிறது. அடுத்த சில மணி நேரத்தில், அதே மேஜையில், அதே பெண்ணின் வயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் உயிரோடு பெயர்த்தெடுத்து மார்பில் உட்கார வைக்க உதவுகிறது. ஒன்று எடுக்கும் வேலை, மற்றது வாழ வைக்கும் வேலை. முதல் வேலைக்குப் பிறந்த கருவி இரண்டாவது வேலைக்குத் தன்னை எப்படித் திருத்திக்கொண்டது என்பதுதான் இதன் கதை.

சூடு போட்டு ரத்தத்தை நிறுத்துவது பழைய சங்கதி. சுசுருதர் அக்கினி கர்மத்தை விரிவாகவே பேசுகிறார். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் சுட்டிகையும் ஒன்று. மார்பகத்தில் அனல் பட்டதற்குப் பழைய சாட்சி அலெக்சாந்திரியாவின் லியோனிடஸ். ரோமானியர் காலத்து மருத்துவர் அவர். கட்டி வந்த மார்பை எப்படி அகற்றினார் என்பதை அமிடா ஊரைச் சேர்ந்த ஏட்டியஸ் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். கொஞ்சம் அறுப்பார். ரத்தம் பீறிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பார். மீண்டும் கொஞ்சம் அறுப்பார், மீண்டும் சுடுவார். மார்பு முழுதும் வந்த பிறகு கடைசியாக ஒரு முறை சுடுவார். அது ரத்தத்துக்காக அல்ல, மிச்சமிருக்கக்கூடிய நோய்க்காக. மயக்க மருந்து இல்லாத காலம். அந்தப் பெண்களை நினைக்காமல் அந்தப் பகுதியைப் படித்துக் கடக்க முடிவதில்லை.

அறுக்கும் இரும்பும் சுடும் இரும்பும் லியோனிடஸின் கையில் தனித்தனியாக இருந்தன. இரண்டும் ஒரே கருவியாக ஆவதற்கு ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் பிடித்தன. அதற்கு முதலில் மின்சாரம் உடலுக்குள் போய் ஆளைக் கொல்லாமல் வெளியே வர வேண்டியிருந்தது.

அந்த வழியைத் திறந்தவர் பாரிஸின் ஆர்சென் தார்சோன்வால். சாதாரண மாறுமின்னோட்டம் உடலில் பாய்ந்தால் தசை வெட்டி இழுக்கும், இதயம் தடுமாறும். மின்னோட்டம் திசை மாறும் வேகத்தை நொடிக்கு 10,000 சுற்றுக்கு மேல் கூட்டிவிட்டால் நரம்பும் தசையும் அதைக் கண்டுகொள்வதே இல்லை, வெப்பம் மட்டும்தான் மிஞ்சுகிறது என்று 1891-இல் அவர் காட்டினார். நம் வீட்டு மின்சாரத்துக்கு நொடிக்கு 50 சுற்று. இன்றைய காட்டரி எந்திரம் சில லட்சம் சுற்றுகளில், மீடியம் வேவ் வானொலியின் அலைவரிசைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இ.சி.ஜி. திரையில் கோடுகள் குழம்புவது அதனால்தான்.

தார்சோன்வாலுக்குப் பிறகு பாரிஸிலேயே பலர் அந்தப் பொறியோடு விளையாடினார்கள். ஜோசப் ரிவியேர் 1900-இல் தோல் புண்ணைச் சுட்டார். ஓவியர் சார்ஜென்ட் சிவப்பு அங்கியில் தீட்டியதால் கலை ரசிகர்களுக்கும் தெரிந்த சாமுவேல் போஸி, தோல் புற்றின் மீது நீண்ட மின்பொறிகளைப் பாய்ச்சினார். யூஜென் டோயன் நோயாளியின் உடலோடு இரண்டாவது மின்முனை ஒன்றைச் சேர்த்து மின்சாரத்தை ஆழத்துக்குள் இழுத்தார். 1910-இல் நியூயார்க்கில் எட்வின் பியர் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டு அங்கிருந்த கட்டிகளைப் பொசுக்கினார். இவர்கள் எல்லோரும் சுட்டார்கள். வெட்டியவர் இன்னும் வரவில்லை.

டோயன் சேர்த்த அந்த இரண்டாவது முனை சின்ன விஷயமல்ல. இன்றும் நோயாளியின் தொடையிலோ முதுகிலோ ஒட்டப்படும் பேஷண்ட் பிளேட் அதன் வாரிசு. பேனா நுனியில் நுழையும் மின்சாரம் முழுவதும் அந்த பிளேட் வழியாகத்தான் எந்திரத்துக்குத் திரும்புகிறது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே அளவு. ஆனால் தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுவதுபோல, நுனியின் மெல்லிய விளிம்பில் அந்த மின்சாரம் நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால் அங்கே திசு கொதிக்கிறது. உள்ளங்கையை விடப் பெரிய பிளேட்டில் பரவி வெளியேறுவதால் அங்கே வெதுவெதுப்புக்கூடத் தெரிவதில்லை. பிளேட்டின் ஒரு ஓரம் பெயர்ந்து விட்டால் கணக்கு மாறிவிடும், ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு நோயாளியைச் சுடும். மயக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது.

வெட்டியவர்கள் பாஸ்டனில் சேர்ந்தார்கள். வில்லியம் போவி மருத்துவர் அல்லர். 1882-இல் மிச்சிகனில் பிறந்து, ஹார்வர்டில் தாவர உடலியங்கியலில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே புற்றுநோய் ஆய்வுக் குழுவில் ரேடியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர். உயர் அதிர்வெண் மின்சாரத்தில் இரண்டு வகை அலைகளைத் தரும் எந்திரம் ஒன்றை அவர் செய்துவைத்திருந்தார்: ஒன்று வெட்டும், மற்றது உறைய வைக்கும். பக்கத்திலேயே பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஹார்வி குஷிங். மூளை அறுவையைத் தனித் துறையாக நிலைநிறுத்தியவர், ரத்தக்கசிவைக் கண்டால் கோபம் கொள்ளும் பொறுமைசாலி. 1926-இல் ஒருவரின் தலையில் இருந்த கட்டியை எடுக்கத் தொடங்கி, ரத்தம் நிற்காததால் பாதியில் மூடிவிட்டார். சில நாள் கழித்து, அக்டோபர் 1 அன்று, போவியையும் அவருடைய எந்திரத்தையும் தியேட்டருக்கு வரவழைத்து அதே நோயாளியைத் திரும்பவும் மேஜையில் ஏற்றினார். ரத்த வங்கி இல்லாத காலமாதலால், தேவைப்பட்டால் ரத்தம் கொடுக்க ஒரு மாணவரை உட்கார வைத்திருந்தார்கள். நடப்பதைப் பார்த்து அவர் மயங்கி இருக்கையிலிருந்து விழுந்தார். கட்டி துண்டு துண்டாக வெளியே வந்தது.

குஷிங் அதன் பிறகு, எடுக்கவே முடியாது என்று தானே திருப்பி அனுப்பிய நோயாளிகளைத் தேடிக் கூப்பிட ஆரம்பித்தார். எந்திரம் அவரிடமும் தன் வேலையைக் காட்டியது. ஒரு முறை மின்சாரம் உலோக விலக்கி வழியாக அவர் கையில் ஏறி, நெற்றி விளக்கின் கம்பி வழியாக வெளியேறியது. இன்னொரு முறை ஈதர் ஆவியில் பொறி பட்டு நீலச் சுடர் எழுந்தது. இருவரும் சேர்ந்து 1928-இல் தங்கள் அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். புகழ் பெரும்பாலும் குஷிங்குக்குப் போனது. போவி தன் காப்புரிமையைச் சின்சினாட்டியில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு ஒரு டாலருக்கு விற்றார் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. சிகாகோ பக்கம் போய், பிறகு மெய்ன் மாநிலத்தில் ஒதுங்கி, 1958-இல் இறந்தார். அமெரிக்காவில் இன்று எந்தத் தியேட்டரிலும் சர்ஜன் கையை நீட்டி அவர் பெயரைச் சொல்லித்தான் கருவியைக் கேட்கிறார்.

போவியின் இரண்டு அலைகள்தான் இன்றைய மஞ்சளும் நீலமும். மஞ்சளில் அலை இடைவிடாமல் ஓடும், மின்னழுத்தம் குறைவு. நுனிக்கு எதிரே இருக்கும் செல்களின் நீர் ஒரு கணத்தில் 100 டிகிரியைத் தாண்டி ஆவியாகி, செல் வெடித்துப் பிளக்கும். வெப்பம் பெரும்பாலும் அந்த ஆவியோடு போய்விடும். நீலத்தில் அலை விட்டு விட்டு வரும். நூறில் ஆறு பங்கு நேரம்தான் மின்சாரம், மற்ற நேரமெல்லாம் ஓய்வு. ஆனால் வரும்போது ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வரும். செல் வெடிக்காமல் வறண்டு சுருங்கும், புரதம் உறையும், குழாயின் வாய் அடைபடும், வெப்பம் பக்கவாட்டில் பரவும். ரத்தம் குறைவதால் நீலத்தை அழுத்தியே வெட்டிக்கொண்டு போகும் சர்ஜன்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. களம் சுத்தமாகத் தெரியும். அதற்கான விலை அன்றைக்குத் தெரியாது. ஐந்தாறு நாள் கழித்து, கட்டுப் பிரிக்கும்போது தெரியும்.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் சொல்ல அதிகம் இல்லை. பொறியிடைவெளியும் வால்வுக் குழாயும் கொண்ட அந்தக் கரகர எந்திரமே ஊர் ஊராகப் பரவியது. எரியும் மயக்க மருந்துகள் போய் எரியாதவை வந்ததும் பயம் குறைந்தது. 1970-களில் கொலராடோவின் போல்டர் நகரத்து வேலிலேப் போன்ற நிறுவனங்கள் குறைக்கடத்தி எந்திரங்களைக் கொண்டுவந்தன. பெட்டி சிறியதானது, பேனா ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறிவதானது, பிளேட் பெயர்ந்தால் எந்திரம் தானே கத்தி நின்றுவிடும் ஏற்பாடு வந்தது.

அதே காலத்தில் வேறொரு வாய்க்காலில் மார்பகச் சீரமைப்பு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மார்பையும் அடித்தசையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் ஒரே மொத்தமாக எடுக்கும் அறுவையை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநாட்டிய பால்டிமோரின் வில்லியம் ஹால்ஸ்டெட், எடுத்த இடத்தை வேறு சதையால் மூடுவதை விரும்பவில்லை. நோய் திரும்பி வந்தால் மறைந்துவிடும் என்ற அச்சம். ஆனால் 1895-இலேயே ஹைடல்பெர்க்கின் வின்சென்ஸ் செர்னி ஒரு பெண்ணின் உடலில் வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் வைத்துப் பார்த்தார். இத்தாலியின் இகினியோ தான்சினி, முதுகின் அகன்ற தசையைத் தோலோடு திருப்பி மார்பை மூடினார். அவருடைய முறை மறந்துபோய், 1970-களில்தான் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. இடையில் 1962-இல் ஹூஸ்டனில் சிலிக்கோன் பை வந்தது. 1982-இல் அட்லாண்டாவின் கார்ல் ஹார்ட்ராம்ப் வயிற்றுச் சதையைத் தசையோடு மேலே கொண்டுவந்தார். வயிற்றுச் சுவரின் பலம் போவது அதன் குறை. 1989-இல் ஜப்பானின் இசாவோ கோஷிமா, தசையை அங்கேயே விட்டுவிட்டு, அதைத் துளைத்து வரும் ரத்தக் குழாயோடு தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கலாம் என்று காட்டினார். நியூ ஆர்லியன்ஸின் ராபர்ட் ஆலன் அதையே மார்பகத்துக்குக் கொண்டுவந்து 1994-இல் எழுதினார். டீப் ஃப்ளாப் என்று பிளாஸ்டிக் சர்ஜன்கள் சொல்லும் அறுவை இதுதான்.

இந்த இரண்டு வாய்க்கால்களும் கலந்த இடத்தில்தான் சுடும் கத்தி முதல் முறையாகத் திணறியது. ஹால்ஸ்டெட் வழி அறுவையில் எடுத்தது எல்லாம் குப்பிக்குப் போகும், மிஞ்சியது தழும்பாகும். கொஞ்சம் கூடுதலாகக் கருகினாலும் கேட்பார் இல்லை. 1991-க்குப் பிறகு, மார்பகத்தின் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துத் தோலைக் காப்பாற்றும் முறை பரவியது. சில மில்லிமீட்டர் கொழுப்போடு தொங்கும் அந்தத் தோலுக்கு உயிர் கொடுப்பது அதன் அடிப்பக்கம் ஓடும் நுண்குழாய் வலை ஒன்றுதான். அந்த வலைக்கு ஒட்டினாற்போல நீலப் பொத்தானை அழுத்திக்கொண்டு போனால், தியேட்டரில் தோல் ரோஜா நிறத்தில் இருக்கும். வார்டில் ஊதா நிறமாகி, பிறகு கறுக்கும். உள்ளே சிலிக்கோன் பை இருந்தால் அது வெளியே தெரிய வேண்டியதுதான் பாக்கி, தொற்று ஏறி மொத்தத்தையும் எடுக்க நேரும். ஏற்கெனவே கதிர்வீச்சு பட்ட தோல், புகைபிடிப்பவரின் தோல் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

இரண்டாவது சோதனை வயிற்றில். டீப் ஃப்ளாப்பின் உயிர், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைக்குழாய் ஒன்றில் தொங்குகிறது. அதைத் தசை நார்களுக்கு இடையே கிளை கிளையாக விடுவித்து, தொடையிடுக்குப் பக்கம் உள்ள தாய்க்குழாய் வரை பின்தொடர வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு பக்கக் கிளையும் அடைக்கப்பட வேண்டும். தண்டு அனலை உணரவே கூடாது. குழாயின் உட்சுவர் சூடுபட்டால் அங்கே ரத்தம் உறையும். பிறகு விலா எலும்புக்கு அடியில் ஓடும் மார்புக் குழாயோடு நுண்ணோக்கியில் பார்த்து எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பயனில்லை.

மூன்றாவது சோதனை பார்க்க அவ்வளவு பயங்கரமாக இராது. மார்பகத்தை எடுத்த இடத்திலும், தசை எடுத்த முதுகிலும் தெளிந்த மஞ்சள் நீர் கோத்துக்கொள்ளும், செரோமா என்பார்கள். உயிருக்கு ஆபத்து அரிது. ஆனால் அந்தப் பெண் வடிகுழாயும் பாட்டிலுமாக நாட்கணக்கில் நடமாட வேண்டும், ஊசி போட்டு இழுக்க வாராவாரம் வர வேண்டும், அடுத்த மருந்துச் சிகிச்சை தள்ளிப்போகலாம். இங்கேதான் முதல் தெளிவான ஒப்பீடு கிடைத்தது. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மார்பகம் அகற்றும் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சாதாரணக் கத்தி, மறுபாதிக்குக் காட்டரி என்று வெட்டினார்கள். காட்டரியில் ரத்த இழப்பு குறைந்தது. நீர் கோத்தது சாதாரணக் கத்தியில் 13 சதவீதம், காட்டரியில் 38 சதவீதம். அறுவையின் போது மிச்சப்படுத்திய ரத்தத்துக்குப் பல வாரம் கழித்து வட்டி கட்டியிருக்கிறார்கள்.

சூடு குறைந்த கத்தி வேண்டும் என்ற தேடல் இரண்டு திசையில் போனது. ஒன்று மின்சாரத்தையே விட்டுவிட்டது. ஹார்மானிக் எனப்படும் கருவியின் நுனி நொடிக்கு 55,500 தடவை அதிர்கிறது; உராய்வில் புரதம் உறைந்து திசு பிரிகிறது. உடலுக்குள் மின்சாரம் போவதில்லை, பிளேட் தேவையில்லை. முதுகுத் தசையை எடுப்பதில் இதற்கு ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் நுனி சூடாகும், சற்று நேரம் ஆறவிடாமல் பக்கத்தில் எதையாவது தொட்டால் அதுவும் சுடும். வேகமும் போதாது.

மற்றது கண்ணிலிருந்து வந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டேனியல் பலாங்கர் என்ற இயற்பியலாளர், விழித்திரைப் படலங்களை இழுக்காமல் வெட்டும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். விழித்திரையில் அரை மில்லிமீட்டர் தள்ளிச் சூடுபட்டாலும் பார்வை போய்விடும். அவர் மின்சாரத்தை மிகக் குறுகிய துடிப்புகளாக நறுக்கினார். தகட்டின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி மீதியைக் கண்ணாடிப் பூச்சால் மூடினார். விளிம்பில் மெல்லிய பிளாஸ்மா எழும், வெட்டும், வெப்பம் பக்கத்துக்குப் போவதற்குள் அணைந்துவிடும். 2001-இல் இதைக் கண்ணுக்கான கத்தியாகத்தான் எழுதினார்கள். சில ஆண்டுகளில் பீக் சர்ஜிகல் என்ற நிறுவனம் பிறந்து, 2008-இல் பிளாஸ்மாபிளேட் என்ற பெயரில் அது பொதுச் சந்தைக்கு வந்தது. பழைய காட்டரி நுனி 200 டிகிரிக்கு மேல் போகும், தங்களுடையது 40 முதல் 170-க்குள் நிற்கும் என்பது தயாரித்தவர்கள் சொன்ன கணக்கு. கண்ணுக்குச் செய்த கத்தி அங்கே நிலைக்காமல் மார்புக்கும் தொண்டைக்கும் குடிபெயர்ந்தது தொழில்நுட்ப வரலாற்றின் வழக்கமான விஷமம்.

இதைச் சோதித்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது 2011-இல் வந்தது. வயிற்றுச் சதையைக் குறைக்கும் அறுவைக்குக் காத்திருந்தவர்களிடம், எப்படியும் வெட்டி எறியப்படப் போகும் தோலில் சில வாரங்களுக்கு முன்பே மூன்று வகைக் கீறல்கள் போட அனுமதி கேட்டார்கள்: சாதாரணக் கத்தி, காட்டரி, பிளாஸ்மாபிளேட். பிறகு அந்தத் தோலை மொத்தமாக எடுத்து ஒவ்வொரு தழும்பையும் ஆராய்ந்தார்கள். பிளாஸ்மாபிளேட் போட்ட கீறல் சாதாரணக் கத்தியின் கீறலைப் போல ஆறியிருந்தது, ரத்தமோ அதை விடக் குறைவு. காட்டரிக் கீறலில் கருகல் அதிகம். நோயாளிக்குக் கூடுதல் தழும்பு இல்லாமல் மனிதத் தோலிலேயே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய அந்த யோசனைக்கு ஒரு சபாஷ் போடலாம்.

கீறல் வேறு, முழு அறுவை வேறு. மார்பகம் அகற்றுவதிலும் சீரமைப்பிலும் புதிய கத்தியை வைத்துச் செய்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் வடிகுழாயில் வந்த நீர் குறைந்தது, குழாயைச் சீக்கிரம் எடுக்க முடிந்தது. சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். ஒரு சர்ஜனின் கைப்பழக்கம், தோலடிக் கொழுப்பை எந்தத் தளத்தில் பிரித்தார், கதிர்வீச்சு இருந்ததா என்பவையெல்லாம் கத்தியின் கணக்கில் கலந்துவிடுகின்றன. முதுகில் நீர் கோப்பதைக் குறைத்த மிக உறுதியான வழி எந்தக் கத்தியும் அல்ல. பிரித்த தோலை அடித்தளத்தோடு இடையிடையே சேர்த்துப் பிடிக்கும் தையல். வெற்றிடம் இல்லாவிட்டால் நீர் தங்க இடமில்லை. சில நூறு ரூபாய் நூலும் கூடுதலாக இருபது முப்பது நிமிடப் பொறுமையும் போதும். இதை விற்பனைப் பிரதிநிதி யாரும் வந்து சொல்லமாட்டார்.

விலை இந்தக் கதையின் ஒரு பாத்திரம். சாதாரணக் காட்டரி பேனா மலிவு. பிளாஸ்மாபிளேட்டுக்குத் தனி எந்திரம் வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு நுனி, பிறகு குப்பை. 2011-இல் பீக் நிறுவனத்தை மெட்ரானிக் வாங்கியது. 2015-இல் அதே மெட்ரானிக் கோவிடியனை வாங்கியபோது, கோவிடியனிடம் இருந்த பழைய வேலிலேப் எந்திரங்களும் சேர்ந்து வந்தன. அதன் பிறகு ‘பழையதா, புதியதா’ என்று ஒப்பிடும் தியேட்டர்களில் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடையிலிருந்துதான் பில் வருகிறது.

நல்ல கைகள் இந்தப் போட்டியில் ஒரு கட்சியில் சேர்வதில்லை. டீப் ஃப்ளாப் செய்யும் தியேட்டரில் தோலின் மேற்பரப்பைக் கீறுவது மின்சாரமில்லாத கத்தி. கொழுப்பைப் பிளந்து கீழே போவது காட்டரி, குறைந்த சக்தியில். துளைக்குழாய் கண்ணில் பட்டதும் அது ஓரமாக வைக்கப்படும். கைக்கு வருவது இருமுனைக் கவ்வி. ஜேம்ஸ் கிரீன்வுட் 1940-இல் எழுதி, பின்னர் லெனார்ட் மாலிஸ் மூளை அறுவைக்காகச் செம்மைப்படுத்திய யோசனை அது: மின்சாரம் கவ்வியின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு மட்டும் போகும், இடையில் அகப்பட்ட திசுவை மட்டும் சுடும். அதைக் கூட நம்பாமல், சற்றுப் பெரிய கிளைகளுக்கு உலோகக் கிளிப். குழாயைத் தாய்க்குழாயிலிருந்து வெட்டி எடுக்கும் கடைசிக் கணத்தில் மீண்டும் வெறும் கத்தரிக்கோல். மின்சாரத்தின் நூறு ஆண்டு முன்னேற்றம் அந்த அரைமணி நேரத்துக்கு அறைக்கு வெளியே நிற்க வேண்டும்.

இனி புகை. மார்பகம் கொழுப்பு மிகுந்த திசு. சுட்டால் மஞ்சள் கலந்த சாம்பல் புகை எழும், முகக்கவசத்தைத் தாண்டி நாற்றம் வரும். அதில் பென்சீன், டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் உண்டு. ஒரு கிராம் திசுவைக் காட்டரியால் எரித்த புகை ஆறு சிகரெட்டுக்குச் சமம் என்று 1981-லேயே ஜப்பானில் கணக்குப் போட்டார்கள். சோதனை நாயின் சளிப்படலத் திசுவில் நடந்தது, கணக்கிட்டது புகையின் மரபணு மாற்றும் திறனை. போவியின் காலத்திலிருந்து இந்தப் புகையை யாரும் பொருட்படுத்தவில்லை, தொழிலின் வாசனை என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒருவர் அந்தப் புகையைப் படிக்க முடியும் என்று கண்டார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹங்கேரியரான சோல்தான் தக்காத்ஸ், காட்டரிப் புகையைக் குழாய் வழியாக நிறைநிறமாலைமானிக்குள் இழுத்தார். புற்றுத் திசுவின் கொழுப்பு மூலக்கூறுகளும் நல்ல திசுவின் மூலக்கூறுகளும் ஒன்றல்ல. எந்திரம் ஓரிரு நொடிகளில் வித்தியாசத்தைச் சொல்லும். 2013-இல் இது வெளிவந்தபோது ஐநைஃப் என்று பத்திரிகைகள் கொண்டாடின. மார்பகத் திசுவில் நடந்த சோதனைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சரியாகச் சொன்னது. புற்றைச் சுற்றி எவ்வளவு எடுத்தால் போதும், எந்த விளிம்பில் தோலை மிச்சப்படுத்தலாம் என்பதுதான் மார்பக சர்ஜனின் அன்றாடத் தலைவலி. நோய்க்குறியியல் அறிக்கைக்கு நாட்கணக்கில் காத்திருக்கும் வேலை அது. ஆனால் அந்த நிறமாலைமானி ஓர் அலமாரி அளவு, விலை அதற்கேற்ப. பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு அது எட்டாத பொருள்.

அதற்கு முன் எட்ட வேண்டியது சாதாரண உறிஞ்சி. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018-இல் தியேட்டர்களில் புகையை உறிஞ்சி வடிகட்டுவதைச் சட்டமாக்கியது. வேறு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பேனாவின் தலையிலேயே உறிஞ்சுகுழாய் பொருத்திய வகைகள் இப்போது கிடைக்கின்றன, பொத்தானை அழுத்தும்போது மட்டும் தானாக ஓடும் வகைகளும் உண்டு. சத்தம் அதிகம், கனம் கூடுகிறது, ஆறேழு மணி நேர அறுவையில் மணிக்கட்டு வலிக்கிறது என்று சர்ஜன்கள் குறைப்படுகிறார்கள். அந்தச் சட்டங்களைக் கேட்டு மாநிலம் மாநிலமாக மனுப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், மேஜையின் மறுபக்கத்தில் நின்று அதே ஆறேழு மணி நேரம் அந்தக் காற்றைச் சுவாசிக்கும் தியேட்டர் செவிலியர்களின் சங்கத்தினர்.